கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மருந்து

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே அமைந்த ஊர் மாங்காடு. ஒருகாலத்தில் மாமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். கையில் எலுமிச்சம்பழம் ஏந்திக் காமாட்சியம்மனை வழிபட வருவோர் கூட்டத்தை இவ்வூர்த் தெருக்களில் இன்றும் காணலாம். காலை வேளையில் மற்றொரு கூட்டத்தையும் காணலாம். அஃது அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளர் கூட்டம்.

அத்தொழிலாளருள் ஒருவருக்கு முதுகில் வலி கண்டது எனக் கொள்க. பளு தூக்குபவருக்கு முதுகு வலிப்பது புதுமை அன்று. ஆதலின் அவர் தைலம் தேய்த்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். வலி தணிவதும் மீண்டும் எழுவதுமாக இரண்டு திங்கள் கழிந்தன. பின்னர் மாலைதோறும் உடல் சற்றே சுட்டது, பசி குறைந்தது, உடல் மெலிந்தது. மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் செய்தார். படத்தில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றும் புலப்படவில்லை.

படத்தில் குறை இல்லையெனின் உடலிலும் குறை இல்லை என்று கொள்ளலாமோ? கொள்ளுதல் இயலாது. எலும்பில் உள்ள கனிமப் பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கேனும் கரைந்த பின்னரே அக்கேடு எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். கறையான் உள்ளே புகுந்த தூண், மேற்பூச்சு உதிரும் வரையில் நல்ல தூணாகவே தோன்றும் அன்றோ? அதுபோன்றதே இதுவும். அத்தொழிலாளியின் முதுகெலும்பில் வெறும் தேய்மானம் இருக்கலாம், சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குடிபுகுந்திருக்கலாம், காசநோய்க் கிருமி அரித்துக்கொண்டிருக்கலாம், புற்றுநோயும் தொடங்கியிருக்கலாம். நான்கிற்கும் வலி ஒன்றே. மருத்துவமோ வேறு வேறு.

காசநோய் நுரையீரலை மட்டுமே பற்றும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முதுகெலும்பையும் பற்றும். பற்றிய இடத்தில் எலும்பு நொறுங்கும். சீழ் திரண்டு தண்டுவடத்தை அழுத்தும். இறுதியில் கால்கள் செயலிழத்தலும் உண்டு. முன்னாளில் இந்நோயாளிகளைத் திங்கள் கணக்கில் மாவுக்கட்டில் அசையாது கிடத்தி வைப்பர். அன்றேல் மார்பைத் திறந்து பெரும் அறுவை செய்வர். இந்நிலையை மாற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அந்நாளைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி, 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய்க்கான மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. சேத்துப்பட்டில் இயங்கும் அந்நிலையமே இந்நாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவ விடுதியில் சேர்த்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டில் இருக்கச் செய்தும், இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். விடுதியில் நல்ல உணவும் காற்றும் ஓய்வும் உண்டு. வீட்டில் இருந்தோரோ நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். ஆயினும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டில் இருந்தோரும் விடுதியில் இருந்தோர் போலவே குணமடைகின்றனர் என்பது 1959ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே திருப்பிய முடிவு அது. பிற்காலத்தில் முதுகெலும்புக் காசநோயையும் அந்நிலையத்தார் அவ்வாறே ஆராய்ந்தனர். நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது திங்கள் மருந்துண்டவர்கள், பெரும் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை என்பதைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து நோக்கி, 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

எனவே, மாங்காட்டுத் தொழிலாளிக்கு வந்தது காசநோயாயின் அதனைத் தீர்க்கும் மாத்திரைகள் உள்ளன. அது காசநோய்தான் என்பதையும், எந்த எலும்பில் உள்ளது என்பதையும் கால்கள் சோர்வதற்கு முன்னரே அறிய வேண்டும். இடத்தை அறிந்தால் ஊசி செலுத்திச் சிறிது தசையையோ சீழையோ எடுத்து ஆராயலாம். இடம் தெரியாமல் ஊசியை எங்கே செலுத்துவது?

உடலுக்குள் நிகழ்வதை வெளியிலிருந்து அறிதற்கு வழிகாட்டியவர் ஹங்கேரி நாட்டில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி என்னும் வேதியியலார். 1911ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஓர் உணவு விடுதியில் தங்கியிருந்தார். ஞாயிறன்று உண்டு மிஞ்சிய இறைச்சியையே வாரத்தின் நடுவில் வேறு பண்டமாக்கிப் படைக்கிறார்கள் என்று அவருக்கு ஐயம். விடுதித் தலைவியோ அதனை ஒப்பவில்லை. ஹெவெசி ஒரு ஞாயிறன்று தம் தட்டில் மிஞ்சிய உணவில் கதிரியக்கப் பொருள் சிறிதளவைக் கலந்து வைத்தார். சில நாட்களுக்குப் பின் வந்த பண்டத்தை ஒரு கருவியால் சோதித்தார். கருவி உண்மையைச் சொல்லிவிட்டது! இக்கதையில் சுவை மிகுதி; ஆனால் கருத்து அதனினும் பெரிது. கதிரியக்கப் பொருள் எங்குச் சென்றாலும் தான் இருக்கும் இடத்தை அறிவித்துக்கொண்டே செல்லும். 1923ஆம் ஆண்டில் ஹெவெசி இம்முறையால் அவரைச் செடிக்குள் ஈயம் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கண்டார். இச்சுவடு காணும் முறைக்காக அவருக்கு 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

மருத்துவத்திற்கு ஏற்ற சுவடு எது? எந்தக் கதிரியக்கப் பொருளையும் உடலுக்குள் செலுத்திவிடுதல் கூடாது. அதன் கதிர் உடலைக் கடந்து வெளியே வரவேண்டும். படம் எடுக்கும் வரையில் அது நிலைத்திருக்க வேண்டும். எடுத்த பின் விரைவில் மறைந்துவிட வேண்டும். இம்மூன்றும் பொருந்திய பொருள் டெக்னீசியம்-99எம் என்பது. டெக்னீசியம் 43ஆம் தனிமம். 1937ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பெர்ரியர், செக்ரே என்னும் இருவர் இதனைக் கண்டனர். மனிதர் செயற்கையாக ஆக்கிக் கண்ட முதல் தனிமம் இதுவே; ‘செயற்கை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று.

டெக்னீசியம்-99எம் காமா கதிரை வெளிவிடுவது. இதன் அரைவாழ்வுக் காலம் 6 மணி. காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால் நண்பகலில் 50 பங்கு இருக்கும். மாலை 6 மணிக்கு 25 பங்கு. மறுநாள் காலையில் 6 பங்கிற்குச் சற்றே மிகுதி. நோயாளிக்கு இது நன்மை, மருத்துவமனைக்கோ இடர். இத்துணை விரைவில் தேயும் பொருளை மும்பையிலிருந்து சென்னைக்கு எங்ஙனம் கொண்டுவருவது? இதற்கு ஒரு சூழ்ச்சி உண்டு. டெக்னீசியத்தைக் கொண்டுவருவதில்லை, அதன் தாய்ப்பொருளாகிய மாலிப்டினம்-99 என்பதைக் கொண்டுவருகின்றனர். அதன் அரைவாழ்வுக் காலம் 66 மணி. ஈயக் கவசத்துள் அடைத்த சிறு குழாயில் அது இருந்து, ஓயாமல் டெக்னீசியத்தை ஈன்றுகொண்டிருக்கும். நாள்தோறும் காலையில் உப்புநீரை அக்குழாய் வழியே செலுத்தினால், டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளிவரும். பசுவைக் கறப்பது போன்ற இச்செயலை அணு மருத்துவத்தார் ‘கறத்தல்’ என்றே கூறுவர். ஒரு பசு ஏறத்தாழ ஒரு வாரம் கறக்கும். பின்னர் வற்றிவிடும், வேறு பசு வரவேண்டும். அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் 1950களின் இறுதியில் அமைத்த முறை இது.

உடலிலிருந்து வரும் காமா கதிரைப் படமாக்கும் கருவியை அதே ஆண்டுகளில் ஹால் ஆங்கர் என்பவர் அமெரிக்காவில் அமைத்தார். இதற்குக் காமா கேமரா என்று பெயர். தேன்கூட்டின் கண்களைப் போன்ற துளைகள் நிறைந்த ஈயப் பலகை ஒன்று அதன் முன்புறத்தில் இருக்கும். நேராக வரும் கதிர்களை மட்டும் அது உள்ளே விடும். அக்கதிர் பின்னால் உள்ள பெரிய படிகத்தில் பட்டவுடன் மின்மினி போல ஒரு சிறு ஒளி தோன்றி மறையும். எந்த இடத்தில் எத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின என்பதைக் கணக்கிட்டுக் கருவி ஒரு படம் வரைகிறது. எக்ஸ் கதிர்ப் படம் உறுப்பின் உருவத்தைக் காட்டும். இப்படமோ உறுப்பின் செயலைக் காட்டும்.

டெக்னீசியம் தானாகச் சென்று கிருமியைத் தேடாது. அதனை அழைத்துச் செல்ல ஒரு வழிகாட்டி வேண்டும். அறிவியலார் முதலில் நாடிய வழிகாட்டி, குருதியில் உள்ள வெள்ளணுக்கள். கிருமி புகுந்த இடத்தை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. நோயாளியின் குருதியை எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துவர். 1970களில் உருப்பெற்ற இம்முறை இன்றும் மதிப்பிற்குரியது. ஆனால், குருதியைக் கையாள்வதில் மிகுந்த விழிப்பு வேண்டும், நேரமும் மிகுதியாகும். முதுகெலும்பைப் பொறுத்த வரையில் மற்றொரு பெருங்குறையும் உண்டு. வெள்ளணுக்கள் நலமுற்றவர்களின் எலும்பு மச்சையிலும் சென்று தங்கும் இயல்பின. முதுகெலும்பு மச்சை நிறைந்த எலும்பு. ஆதலின் நோயுற்ற கண்ணியும் நோயற்ற கண்ணியும் படத்தில் கலந்து தோன்றும். ஊரெல்லாம் விளக்கேற்றிய இரவில் ஒரு வீட்டு விளக்கைத் தேடுவது போன்றது அது.

மேலும், வெள்ளணுக்கள் அழற்சி உள்ள இடத்திற்கெல்லாம் செல்வன. அழற்சி வேறு, நோய்த்தொற்று வேறு. கால் பிசகினால் வீங்குவது அழற்சி. அங்குக் கிருமி இல்லை. முள் குத்திச் சீழ் வைத்தால் அழற்சியோடு கிருமியும் உண்டு. செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவருக்கு வலி எழுந்தால், அங்குக் கிருமி உள்ளதா இல்லையா என்பதே முதல் வினா. இருந்தால் மூட்டையே கழற்ற நேரலாம். இல்லையேல் வேறு வழி.

இந்த இடத்தில்தான் லண்டன் மாநகரில் புனித பர்த்தலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர் சிலருக்கு ஒரு புதுக் கருத்துத் தோன்றிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து கிருமியை நாடிச் சென்று பற்றுகிறது அன்றோ? அம்மருந்தையே வழிகாட்டியாகக் கொண்டால் என்ன? அவர்கள் தேர்ந்துகொண்ட மருந்து சிப்ரோஃப்ளாக்ஸசின். ஊர்தோறும் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மருந்துதான். பாக்டீரியாவின் மரபுப் பொருளை முறுக்கியும் தளர்த்தியும் காக்கும் நொதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது பெருகாதபடி செய்வது இம்மருந்தின் தொழில். அந்த நொதி பாக்டீரியாவில் உள்ள வடிவில் மனித உயிரணுவில் இல்லை. ஆகவே டெக்னீசியம் ஏற்றிய சிப்ரோஃப்ளாக்ஸசின், கிருமி உள்ள இடத்தில் தங்கும். வெறும் அழற்சியில் தங்காது. எலும்பு மச்சையிலும் மிகுதியாகத் தங்காது என்று அவர்கள் எதிர்பார்த்தனர். 1990களில் இம்மருந்தை அமைத்து இன்ஃபெக்டன் எனப் பெயரிட்டனர்.

செய்முறை எளிது. சிறு குப்பியில் மருந்தும் வெள்ளீய உப்பும் இருக்கும். கறந்தெடுத்த டெக்னீசியம் வேறு பொருளோடு எளிதில் சேராத தன்மையுடையது. வெள்ளீய உப்பு அத்தன்மையை மாற்றி, அதனை மருந்தோடு இணைத்துவிடும். நோய் தீர்க்க ஒரு வேளைக்கு உண்ணும் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருப்பதுண்டு. இவ்வாய்வுக்குச் செலுத்துவதோ ஏறத்தாழ 2 மில்லிகிராம். நோயைத் தீர்க்கும் அளவன்று அது. நோயைக் காட்டும் அளவு. ஊசி போட்ட 1 மணி, 4 மணி, 24 மணி நேரங்களில் படம் எடுப்பர். சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் எல்லாருக்கும் படத்தில் தோன்றும். மருந்து வெளியேறும் வழி அது. அவ்வழிக்கு அப்பால் வேறோர் இடத்தில் மருந்து தங்கி, நேரம் செல்லச் செல்ல அவ்விடம் மேலும் விளக்கமுற்றால், அது கிருமியின் இருப்பிடம் என ஐயுறுவர்.

பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையோடு எட்டு நாடுகளில் 879 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். 2002ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. நோய்த்தொற்று உடையவர் நூற்றுவருள் ஏறத்தாழ 85 பேரை இது சரியாகக் காட்டியது. தொற்று இல்லாதவர் நூற்றுவருள் ஏறத்தாழ 82 பேரை இல்லாதவர் என்றே கூறியது. இந்தியாவிலும் இம்முயற்சி நடந்தது. டெல்லியில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த அணு மருத்துவ நிறுவனத்தார், அயல்நாட்டை எதிர்பாராது சிப்ரோஃப்ளாக்ஸசின் குப்பியைத் தாமே அமைத்து, டயக்னோபேக்ட் எனப் பெயரிட்டனர்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் இனிதாக இருந்திருக்கும். அறிவியல் அவ்வாறு முடிய விடுவதில்லை. அதே 2002ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் முயல்களின் காலில் செயற்கை மூட்டு வைத்து, சிலவற்றில் மட்டும் கிருமியைச் செலுத்திப் படம் எடுத்தனர். கிருமி உள்ள மூட்டிலும் மருந்து தங்கிற்று. கிருமி இல்லாமல் புண் மட்டும் உள்ள மூட்டிலும் தங்கிற்று. இரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை. வீங்கிய இடத்தில் குருதி மிகுதியாகப் பாய்வதாலேயே மருந்து அங்குத் தேங்குகிறது. கிருமியைப் பற்றிக்கொள்வதால் அன்று என்று சிலர் கூறினர். டெக்னீசியத்தைச் சுமந்த பின் மருந்து தன் பழைய ஆற்றலோடு கிருமியைப் பற்றுமா என்ற வினாவும் எழுந்தது. கிருமியைத் தேடச் செல்பவன் தோளில் புதுச் சுமை ஏற்றினால் அவன் நடை மாறாதோ? இம்மருந்தை எதிர்த்து வாழப் பழகிவிட்ட கிருமிகளின் செய்தி வேறு. முதலில் எழுந்த ஆர்வம் தணிந்தது. எல்லா மருத்துவமனைகளிலும் வழங்கும் முறையாக அது வளரவில்லை.

ஆயினும் அக்கருத்து மடியவில்லை. காசநோய் மிகுந்த நாட்டிற்கு வேண்டியது காசக் கிருமியைத் தனித்துக் காட்டும் மருந்து. டெல்லி நிறுவனத்தார் எத்தாம்பூட்டால் என்னும் மருந்தை எடுத்துக்கொண்டனர். காசக் கிருமி தன்னைச் சுற்றி மெழுகு நிறைந்த தடித்த சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாழ்வது. அச்சுவரைக் கட்டவொட்டாமல் தடுப்பது எத்தாம்பூட்டால். இதனோடு டெக்னீசியத்தைச் சேர்த்து நோயாளிகளிடம் சோதித்ததில், காசநோய் பற்றிய இடங்களில் அது தங்குவதைக் கண்டு, 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோதிக்கப்பட்டவர் தொகை சிறிது. சிப்ரோஃப்ளாக்ஸசினிடம் கேட்கப்பட்ட கடுமையான வினாக்கள் அனைத்தும் இதனிடமும் கேட்கப்படத் தக்கவை. நெதர்லாந்து நாட்டில் லைடன் நகரத்து ஆய்வாளர் வேறொரு வழியில் சென்றனர். கிருமியை எதிர்க்க மனித உடலே ஆக்கிக்கொள்ளும் புரதங்களுள் ஒன்றின் சிறு துண்டை எடுத்து, அதில் டெக்னீசியத்தை ஏற்றினர். பல நாடுகளில் அஃது ஆராயப்பட்டு வருகிறது.

இன்று பெருநகர் மருத்துவமனைகளில் மிகுதியாக வழங்குவது கதிரியக்கம் ஏற்றிய சருக்கரையைக் கொண்டு எடுக்கும் பெட் படம். நோயுற்ற இடத்தில் உள்ள உயிரணுக்கள் சருக்கரையை மிகுதியாக உண்ணும். அவ்விடம் படத்தில் பளிச்செனத் தோன்றும். சிறிய நோயிடத்தையும் அது பெரும்பாலும் காட்டும். ஆனால் புற்றுநோயும் சருக்கரையை உண்கிறது. காசநோய்க் கட்டியும் உண்கிறது. இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றுதல் உண்டு. புற்றுநோய் என்று அஞ்சிய குடும்பம், ஊசியால் எடுத்த தசையில் காசக் கிருமி இருப்பது தெரிந்து ஆறுதல் பெற்ற நிகழ்ச்சிகள் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதியன அல்ல. அத்தகைய ஐயத்தைப் படமே தீர்த்துவைக்கும் நாளுக்காகத்தான் கிருமியை மட்டும் பற்றும் வழிகாட்டியை அறிவியலார் இன்றும் தேடுகின்றனர்.

மாங்காட்டுத் தொழிலாளியின் முதுகில் நோயுள்ள இடத்தைப் படம் காட்டிற்று எனக் கொள்க. படத்தை மட்டும் நம்பி எவரும் மருந்து கொடுப்பதில்லை. காட்டிய கண்ணியில் ஊசி செலுத்தி எடுத்த சிறு துளி ஆய்வகத்திற்குச் செல்லும். காசக் கிருமி மெல்ல வளர்வது. வளர்ப்புத் தட்டில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு வளர ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆவதும் உண்டு. இக்காலத்தில் கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் சோதனை சில மணி நேரத்தில் விடை சொல்கிறது. அவ்விடை வரும்போது அவர் உடலில் செலுத்திய டெக்னீசியத்தின் பெரும்பகுதி தேய்ந்திருக்கும். மறுநாள் அவர் வேலைக்குச் செல்லும் வழியில் பேருந்தில் அமர்ந்திருக்கும் பொழுது, அதில் பதினாறில் ஒரு பங்குகூட எஞ்சியிராது.